தணியத் தெரிந்த செல்கள்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருத்தணி மலை ஏறினேன். அக்கா மகள் ஏழாம் வகுப்பு. அவள் தம்பி நான்காம் வகுப்பு. காரில் மேலே வரைக்கும் போய்விடலாம் என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். "வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படிடா, 365. எண்ணிக்கிட்டே ஏறலாம் வா" என்றதும் உடனே ஒப்புக்கொண்டான்.

படியடியில் ஒரு தாத்தா செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று ஜோடியையும் வாங்கி வைத்துவிட்டு, "ஜாக்ரத்தகா எக்கம்மா, பார்த்து ஏறு பாப்பா" என்று தெலுங்கையும் தமிழையும் கலந்து சொன்னார். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இந்த ஊரில் பல வீடுகளில் இரண்டு மொழியும் புழங்கும். அவர் அடையாளச் சீட்டை நீட்டியபோது அக்கா மகள் கையை நீட்டவில்லை. நான்தான் வாங்கிக்கொண்டேன். அவருடைய விரல்கள் பாதி அளவுக்குக் குட்டையாக, மழுங்கி இருந்தன.

பத்துப் படி ஏறியதும் மெதுவாகக் கேட்டாள். "சித்தி, அந்தத் தாத்தாவுக்கு ஏன் விரல் அப்படி இருக்கு? தொட்டா நமக்கும் வந்துடுமா?"

"அது தொழுநோய் வந்து போன கை. அவருக்கு எப்பவோ குணமாயிடுச்சு. அவரைத் தொட்டா ஒண்ணும் வராது."

"அப்போ அவருக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

குழந்தைகளே, இதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ச்சி செய்த ஒரு விஞ்ஞானி நம் நாட்டில் இருந்தார். அவர் பெயர் இந்திரா நாத். அன்று படி ஏறிக்கொண்டே அந்த இருவருக்கும் சொன்ன கதையை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அவசரமே இல்லாத கிருமி

தொழுநோயை ஒரு பாக்டீரியா உண்டாக்குகிறது. 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். அதுவரை உலகின் பல இடங்களில் இந்த நோயைச் சாபம் என்றும் பாவத்தின் பலன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரை விட்டே நோயாளிகளைத் துரத்தினார்கள்.

இந்தக் கிருமி மிக மிக மெதுவானது. நம் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் நல்ல வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகப் பெருகிவிடும். தொழுநோய்க் கிருமிக்கு அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் வேண்டும். அதனால் இன்று உடலுக்குள் நுழைந்தாலும் நோய் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். இன்னொரு பிடிவாதமும் அதற்கு உண்டு. மற்ற பல கிருமிகளைக் கண்ணாடித் தட்டில் உணவு போட்டு வளர்க்கலாம். இதை இன்று வரை யாராலும் அப்படி வளர்க்க முடியவில்லை. வளர்த்துப் பார்க்க முடியாத கிருமியை ஆராய்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்!

அதற்குச் சற்றே குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். மூக்கு, காது மடல், கை, கால், தோல் என்று குடியேறும். தோலுக்கு அடியில் ஓடும் நரம்புகளிலும் புகுந்துகொள்ளும். நரம்பு கெட்டால் உணர்ச்சி போய்விடும். சூடான டம்ளரைப் பிடித்தாலும் சுடாது. காலில் முள் ஏறினாலும் வலிக்காது.

"வலிக்காட்டி நல்லதுதானே?" என்றான் தம்பி.

நல்லதே இல்லை! வலிதான் நமக்குக் காவல்காரன். சுடுகிறது என்று தெரிந்தால்தானே கையை எடுப்போம்? அது தெரியாதவர் கையில் மறுபடி மறுபடி காயம் படும். காயம் சீழ் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் உள்ளே எலும்பு கரைந்து விரல் குட்டையாகும். விரலைக் கிருமி தின்றுவிடுவதில்லை. வலி தெரியாததால் வந்த வினை அது.

நூறு பேரில் ஐந்து பேர்

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வருவோம். நூறு பேர் உடலில் இந்தக் கிருமி நுழைந்தால் ஏறத்தாழ 95 பேருக்கு நோயே வராது. உடல் தானாகவே அதை அடக்கிவிடும். மிச்சமுள்ள சிலருக்குத்தான் வரும். அவர்களுக்கும் ஒரே மாதிரி வராது.

நாங்கள் அப்போது ஒரு மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த ஐந்து படிகளைக் காட்டினேன்.

"கீழ்ப்படியில ஒருத்தர் நிக்கிறாருன்னு வெச்சுக்கோ. அவர் தோல்ல ஒண்ணு ரெண்டு தேமல் மட்டும். நுண்ணோக்கியில தேடினாலும் கிருமி கிடைக்கறது அபூர்வம். மேல்படியில இன்னொருத்தர். அவருக்கு உடம்பு முழுக்கத் தடிப்பு. தோல்ல துளி எடுத்துப் பார்த்தா கிருமி கோடிக்கணக்குல இருக்கும். நடுவுல இருக்கற மூணு படியிலயும் இந்த ரெண்டுக்கும் இடைப்பட்டவங்க."

இந்த ஐந்து படிகளையும் 1966இல் ரிட்லி, ஜாப்ளிங் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்தார்கள். வியப்பு என்னவென்றால், ஐந்து படியில் இருப்பவர்களுக்கும் வந்தது ஒரே கிருமி! அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? கிருமியில் இல்லை. மனித உடல் அந்தக் கிருமிக்குச் சொல்லும் பதிலில் இருக்கிறது. அந்தப் பதிலைப் படிப்பதுதான் நோய் எதிர்ப்பியல் என்ற அறிவியல்.

மூன்று ஆண்டு ஒப்பந்தம்

இந்திரா நாத் 1938 ஜனவரி 14 அன்று பிறந்தார். டெல்லி எய்ம்ஸில் மருத்துவம் படித்து, நோய்க்குறியியலில் மேற்படிப்பும் முடித்தார். 1970இல் நஃபீல்டு நல்கை கிடைத்து இங்கிலாந்து போனார். அங்கே ஜான் டர்க், ரீஸ் என்ற இரண்டு பெரிய அறிஞர்களிடம் பயிற்சி பெற்றார். நோய் எதிர்ப்பியல் அப்போதுதான் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. தொழுநோயை அந்தப் புதிய கண்ணால் பார்க்கலாம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டார்.

வெளிநாடு போகும்போதே அவரும் கணவரும் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மூன்று ஆண்டில் இந்தியா திரும்பிவிட வேண்டும்! உலகத்திலேயே அதிகத் தொழுநோயாளிகள் அப்போது இந்தியாவில்தான் இருந்தார்கள். எண்ணிக்கை 40 லட்சத்துக்கும் மேல். நோய் இங்கே இருக்க, அதைப் படித்தவர் வேறு நாட்டில் இருந்தால் என்ன பயன்? சொன்னபடியே திரும்பி வந்தார்.

எய்ம்ஸில் பேராசிரியர் ஜி. பி. தல்வாரின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். அந்தத் துறையில் அப்போதுதான் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. தீங்கு செய்யாத உறவுக்காரக் கிருமி ஒன்றைக் கொண்டு தொழுநோய்க்குத் தடுப்பூசி உருவாக்கியவர் இந்தத் தல்வார்தான்.

கையில் ஒரே ஒரு புகைப்படம்

இந்திரா நாத்தின் வேலையைப் புரிந்துகொள்ள முதலில் நம் உடலில் உள்ள இரண்டு வகை வெள்ளை அணுக்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆடிக் கிருத்திகை அன்று மலையில் காவடிக் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் ஒரு திருடன் நுழைந்துவிட்டான் என்று வையுங்கள். தேடுவதற்கு லட்சக்கணக்கான பேரை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு முகத்தின் புகைப்படம். அந்த முகத்தைப் பார்த்தால் மட்டும் அவர் குரல் கொடுப்பார். வேறு யார் போனாலும் அவருக்குக் கவலையில்லை. நம் உடலில் இப்படி நிற்பவைதான் டி செல்கள்.

இரண்டாவது வகை, பெருவிழுங்கிச் செல்கள். இவை சந்தேகமான எதையும் பிடித்து விழுங்கும். விழுங்கியதில் ஒரு துண்டை வெளியே நீட்டி, "இது யாருக்காவது தெரியுமா?" என்று டி செல்களிடம் காட்டும். சரியான புகைப்படம் வைத்திருக்கும் டி செல், "தெரியும்!" என்று விழித்துக்கொள்ளும். ஒன்று பலவாகப் பெருகும். பெருவிழுங்கிச் செல்லுக்குச் சில ரசாயனங்களை அனுப்பி, "உள்ளே இருப்பதைக் கொல்!" என்று உசுப்பும்.

தொழுநோயில் ஒரு விபரீதம் நடக்கிறது. இந்தக் கிருமி பெருவிழுங்கிச் செல்லுக்கு உள்ளேயே சுகமாகக் குடியிருக்கும். டி செல் உசுப்பினால்தான் அதற்குச் சாவு. இல்லாவிட்டால் விழுங்கிய செல்லே அதற்கு வீடு.

உறங்குகிறதா, இல்லவே இல்லையா?

இந்திரா நாத்தும் அவருடைய மாணவர்களும் நோயாளிகளிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து வெள்ளை அணுக்களைப் பிரித்தார்கள். அவற்றோடு செத்த தொழுநோய்க் கிருமியைச் சேர்த்து, உடல் சூட்டிலேயே சில நாள் வைத்தார்கள். டி செல்கள் பெருகினவா என்று அளந்தார்கள்.

கீழ்ப்படி நோயாளியின் டி செல்கள் நன்றாகப் பெருகின. மேல்படி நோயாளியின் டி செல்கள் சும்மா இருந்தன. "அவருக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை போல" என்று நினைத்துவிடாதீர்கள். வேறு கிருமிகளின் பொருள்களைக் கொடுத்தால் அவருடைய செல்களும் பதில் சொல்லும். தொழுநோய்க் கிருமி ஒன்றிடம் மட்டும்தான் மௌனம்!

ஏன் இந்த மௌனம்? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தொழுநோய்க் கிருமியின் புகைப்படம் வைத்திருக்கும் டி செல்களே அந்த உடலில் இல்லை. இரண்டு, அவை இருக்கின்றன. யாரோ வாயைப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

1983இல் அவருடைய குழு ஒரு தடயத்தை வெளியிட்டது. மேல்படி நோயாளிகளின் விழுங்கும் செல் வகை சில பொருள்களைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பு டி செல்களை அடக்கிவிடுகிறது. வாயைப் பொத்தும் கை தெரிந்துவிட்டது!

இரண்டாவது தடயம் 1985இல் வந்தது. மேல்படி நோயாளிகள் சிலருக்குத் திடீரென்று காய்ச்சல் அடிக்கும். தோலில் வலியோடு சிவந்த கட்டிகள் வரும். இதை மருத்துவர்கள் 'எதிர்வினை' என்பார்கள். அப்படி எதிர்வினை வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, அதுவரை ஊமையாக இருந்த டி செல்கள் தொழுநோய்க் கிருமிக்குப் பதில் சொல்லின! எதிர்வினை அடங்கியதும் பழைய மௌனம் திரும்பியது.

"அப்போ அந்த செல் எல்லாம் அங்கேயேதான் இருந்துச்சா சித்தி?" என்றாள் அக்கா மகள். கண் விரிந்துவிட்டது.

ஆமாம். அங்கேயேதான் இருந்தன. இல்லாத ஒன்று நாலு நாளில் முளைத்து வராதே! அவற்றை எழுப்ப முடியும் என்ற நம்பிக்கையை இந்தச் சோதனை கொடுத்தது.

சண்டையும் வேண்டும், தணியவும் வேண்டும்

"அப்படின்னா எல்லா டி செல்லையும் எழுப்பி விட்டுட வேண்டியதுதானே? டிஷ்யூம் டிஷ்யூம்!" என்று தம்பி படியிலேயே குத்துச்சண்டை போட்டுக் காட்டினான்.

அவனைப் பிடித்து உட்கார வைத்து, "இந்த மலைக்குத் தணிகைன்னு ஏன் பேர் வந்துச்சு தெரியுமா?" என்று கேட்டேன். சூரபத்மனோடு போர் முடித்து வந்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் இது என்பது புராணம். கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் அது கிடையாது. மலர் தூவிப் புஷ்பாஞ்சலி செய்வார்கள். போர் முடிந்த பிறகும் கோபம் தணியாவிட்டால் சொந்த ஊரே எரிந்துபோகும் இல்லையா?

நம் உடலிலும் அப்படித்தான். கீழ்ப்படி நோயாளியின் டி செல்கள் ஆவேசமாகப் போரிட்டுக் கிருமியைக் கிட்டத்தட்ட அழித்துவிடுகின்றன. ஆனால் போர் நடக்கும் இடம் நரம்பு. கிருமியோடு சேர்ந்து நரம்பும் கெடுகிறது. எதிர்வினை வந்தவர்கள் படும் வேதனையும் உடலின் சொந்தக் கோபத்தால் வருவதுதான். ஆகவே கீழ்ப்படியில் கோபம் மிகுந்துபோவது ஆபத்து. மேல்படியில் கோபமே வராதது ஆபத்து.

கோபத்தைத் தணிக்கவென்றே நம் உடலில் ஒரு வகை டி செல்கள் உண்டு. அவற்றை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்பார்கள். எனக்கு அவற்றைத் 'தணிகைச் செல்கள்' என்று கூப்பிடத்தான் ஆசை! அவை இல்லாவிட்டால் நம் வெள்ளை அணுக்கள் நம் உடலையே தாக்கிவிடும். ஆனால் அளவுக்கு மீறி அவை தணித்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். மேல்படி நோயாளிகளிடம் இந்தச் செல்கள் அதிகமாக இருப்பதை இந்திரா நாத்தும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 76. முப்பது ஆண்டுக்கு முன் கேட்ட அதே கேள்விக்கு, புதிய கருவிகளோடு மறுபடி பதில் தேடியிருக்கிறார்!

இடையில் அவர் செய்த வேலைகள் இன்னும் எவ்வளவோ. நோயாளியின் தோலில் இருக்கும் கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று காட்டும் அடையாளங்களைத் தேடினார். 1986இல் எய்ம்ஸில் உயிர்த்தொழில்நுட்பத் துறையைத் தொடங்கிவைத்தார். 1983இல் பட்நாகர் பரிசும், 1999இல் பத்மஸ்ரீ விருதும், 2002இல் உலகப் பெண் விஞ்ஞானிகளுக்கான லோரியல் யுனெஸ்கோ விருதும் பெற்றார். ஓய்வு பெற்ற பிறகு ஹைதராபாத்தில் உள்ள புளூ பீட்டர் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தார். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? 'புளூ பீட்டர்' என்பது பிபிசி தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சி. அதைப் பார்க்கும் குழந்தைகள் திரட்டிக் கொடுத்த பணத்தில் உருவான மையம் அது. உங்கள் வயதுப் பிள்ளைகள் நினைத்தால் ஆராய்ச்சிக்கூடமே எழுப்பலாம்!

2021 அக்டோபர் 24 அன்று இந்திரா நாத் காலமானார்.

உங்கள் தோளில் ஒரு தழும்பு

இடது தோளைப் பாருங்கள். பொட்டு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கலாம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. காசநோய்க்காகப் போடுவது. காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே குடும்பம். அந்த ஊசி எவ்வளவு காக்கிறது என்று பார்க்க உலகின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான் 1968இல் தொடங்கியது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் தொழுநோயிலிருந்து ஓரளவு காக்கிறது என்பதும் தெரியவந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயை அது தடுப்பதால் இன்றும் போடுகிறோம். நம் பக்கத்துக் கிராமத்து மக்கள் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டதால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு இது.

தொழுநோய்க்கு இப்போது நல்ல மருந்து உண்டு. 1982 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். ஆனாலும் இந்தியாவில் இன்னும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பயந்து மறைப்பவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள். தாமதமானால் நரம்பு கெட்டுவிடும். கெட்ட நரம்பை மாத்திரையால் பெரும்பாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

செய்து பாருங்கள்

நண்பரை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சை மெல்லிய திரியாக்கி, அவருடைய புறங்கையில் ஒரு இடத்தில் லேசாகத் தொடுங்கள். எங்கே தொட்டீர்கள் என்று அவர் விரலால் காட்ட வேண்டும். தோலில் தேமல் இருந்தால் சுகாதாரப் பணியாளர்கள் இப்படித்தான் சோதிப்பார்கள். சாதாரணத் தேமலில் தொட்டது தெரியும். வெளுத்தோ சிவந்தோ இருக்கும் தேமலில் தொட்டது தெரியாவிட்டால், பயப்படாமல் அம்மா அப்பாவிடமோ டீச்சரிடமோ சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

அன்று முருகனைக் கும்பிட்டு இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. தம்பி படி எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டான். அக்கா மகள் மட்டும் ஏதோ யோசித்தபடியே வந்தாள்.

படியடிக்கு வந்ததும் சீட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அவளே தாத்தாவிடம் போனாள்.

"தாத்தா, உங்களுக்குச் சூடு தெரியுமா?"

"இந்தக் கையில தெரியாது பாப்பா. டீ கிளாஸ் சுட்டுச்சுன்னா கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும். இப்ப துணி சுத்திப் பிடிச்சுக்கறேன்."

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"ஓ, ஒரு வருஷம். எல்லாம் போயிடுச்சு. கை மட்டும் இப்படி நின்னுடுச்சு."

அவர் செருப்பைத் தரையில் வைக்கக் குனிந்தார். எல்லோருக்கும் அப்படித்தான் வைப்பார் போலிருக்கிறது. அவர் கீழே வைப்பதற்குள் அவள் இரண்டு கையையும் நீட்டிச் செருப்பை வாங்கிக்கொண்டாள். தாத்தாவின் விரல்கள் அவள் உள்ளங்கையில் பட்டன. அவளுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த எனக்கு, தெரிந்ததுபோலத்தான் இருந்தது.